நிக்கான் 200-500 மி.மீ. லென்ஸ்: பறக்கும் பறவையைப் படமெடுக்கும்போது வி.ஆர். என்ன செய்கிறது?

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் மாலை நான்கு மணிக்குமேல் நின்றால், வயல்களில் மேய்ந்துவிட்டுக் கூடு திரும்பும் நத்தைக்குத்தி நாரைகள் தலைக்குமேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் கரைமேல் நிற்கும் படக்காரர்களிடையே தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. சென்ற பருவத்தில் என் பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவரும் அதையே கேட்டார்: "அண்ணா, வி.ஆர். ஆன்ல இருக்கணுமா, ஆஃப்ல இருக்கணுமா?" வி.ஆர். என்பது கைநடுக்கத்தால் வரும் அதிர்வைக் குறைக்க லென்ஸுக்குள் இருக்கும் அமைப்பு. அவர் கையில் இருந்ததும் என் கையில் இருந்ததும் ஒரே லென்ஸ்தான், நிக்கானின் 200-500 மி.மீ. எஃப் 5.6 வி.ஆர். பறவைகள் வந்துகொண்டே இருந்ததால், "ஸ்போர்ட்ல வைங்க தம்பி" என்பதற்குமேல் அன்று என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. நார்மல், ஸ்போர்ட் என்பவை இந்த லென்ஸின் வி.ஆருக்கு உள்ள இரண்டு நிலைகள். என் பதில் பாதிதான் சரி. மீதியையும் சேர்த்துச் சொல்லவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். லென்ஸின் எல்லாப் பண்புகளையும் அலசாமல், பறக்கும் பறவைக்கு அதன் அதிர்வுக் குறைப்பு எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே பெரும்பாலும் பேசப்போகிறேன்.

முதலில் லென்ஸைப் பற்றிச் சுருக்கமாக. 2015 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட இந்த லென்ஸ், 200 மி.மீ.யிலிருந்து 500 மி.மீ. வரை எங்கே நிறுத்தினாலும் ஒளி புகும் துளையை எஃப் 5.6 அளவிலிருந்து விட்டுக்கொடுப்பதில்லை. முக்காலிப் பட்டையோடு சேர்த்து எடை 2,300 கிராம். நான் இதை நிக்கான் டி500 கேமராவில் பொருத்திப் பயன்படுத்துகிறேன். இரண்டும் சேர்ந்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே வரும். அந்தக் கேமராவின் சென்சார் முழுச்சட்டத்தைவிட, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவைவிட, சிறியது என்பதால், 500 மி.மீ.யில் நமக்குக் கிடைக்கும் காட்சி, முழுச்சட்டக் கேமராவில் 750 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகியது. காட்சி குறுகக் குறுகக் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். மூன்று கிலோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் வானத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு அந்த நடுக்கத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

லென்ஸுக்குள் இருக்கும் உணரிகள், லென்ஸ் மேலும் கீழும் அசைவதையும் இடமும் வலமும் திரும்புவதையும் நொடிக்கு நொடி அளந்துகொண்டே இருக்கின்றன. அந்த அளவுகளுக்கு ஏற்ப, உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்த்திசையில் நகர்த்தப்பட்டு, சென்சாரில் விழும் பிம்பம் அதே இடத்தில் நிறுத்திவைக்கப்படுகிறது. நிக்கான் இதற்குக் கொடுத்திருக்கும் பெயர் வி.ஆர்.; கேனான் இதையே ஐ.எஸ். என்கிறது. இதில் மறக்கக் கூடாத செய்தி, உணரிகளுக்குத் தெரிவது லென்ஸின் அசைவு மட்டுமே என்பது. எதிரே பறப்பது நாரையா, தகைவிலானா, அது எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே பறவையின் அசைவால் வரும் மங்கலை வி.ஆர். ஒருபோதும் நீக்காது. கைநடுக்கத்தால் வரும் மங்கலை மட்டுமே நீக்கும். நார்மல் நிலையில் நாலரை நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இருமடங்காவது) வரை பயன் உண்டு என்று நிறுவனம் சொல்வதும் அசையாத பொருளைக் கையில் பிடித்து எடுக்கும்போது பொருந்தும் கணக்குதான். கிளையில் உட்கார்ந்திருக்கும் வக்காவுக்கு அந்தக் கணக்கு செல்லும். அதே வக்கா கிளம்பிவிட்டால் செல்லாது.

பறக்கும் பறவைக்கு உண்மையான கணக்கு வேறு. ஒரு நத்தைக்குத்தி நாரை 30 மீட்டர் தொலைவில், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், நமக்குக் குறுக்காகப் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரின்மேல் நொடிக்குச் சுமார் 170 மி.மீ. வேகத்தில் ஓடும். ஷட்டர் 1/2000 நொடி திறந்திருந்தால், அந்த நேரத்துக்குள் பிம்பம் 0.085 மி.மீ. நகர்ந்துவிடும். டி500 சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் ஏறத்தாழ 4.2 மைக்ரான் என்பதால், இது 20 பிக்சல் நீளத்துக்கு இழுபட்ட மங்கல். 1/500 நொடி என்றால் 80 பிக்சல். இந்த மங்கலைக் குறைப்பது முதலில் நம் இடுப்பும் தோளும்தான். பறவையோடு சேர்ந்து லென்ஸும் திரும்பினால் பிம்பம் சென்சாரில் நின்றுவிடும். நம்முடைய திருப்பம் பறவையின் வேகத்தோடு பத்தில் ஒன்பது பங்கு ஒத்துப்போனால்கூட, 1/2000 நொடியில் மிஞ்சுவது 2 பிக்சல் மங்கல் மட்டுமே, அதைக் கண் பொருட்படுத்தாது. 1/500 நொடியில் மிஞ்சும் 8 பிக்சலோ இறகின் வரிகளை அழித்துவிடும். வி.ஆர். பொத்தான் எந்த நிலையில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

நத்தைக்குத்தி நாரையை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும்; பக்கவாட்டில் பறக்கும்போது அந்த இடைவெளி வழியே வானம் தெரியும். என் படங்களைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். மேல் அலகின் கீழ்விளிம்பும் கீழ் அலகின் மேல்விளிம்பும் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்து, நடுவில் வானத்தின் நிறம் கலப்பில்லாமல் நின்றால் அந்தப் படம் தேறியது. விளிம்புகள் பறக்கும் திசையில் மட்டும் இழுபட்டிருந்தால், பறவையின் வேகத்தோடு நான் திரும்பவில்லை என்று பொருள். மேலும் கீழுமாக இரட்டித்திருந்தால் கை நடுங்கியிருக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குழைந்திருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. என்னிடம் தேறாமல் போன படங்களில் பெரும்பாலானவை முதல் வகையையும் மூன்றாம் வகையையும் சேர்ந்தவை. 1/1600 நொடிக்குமேல் போய்விட்டால் இரண்டாம் வகையை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன்.

அப்படியானால் வி.ஆர். பறக்கும் பறவைக்குத் தேவையே இல்லையா என்று கேட்டால், தேவை என்றே சொல்வேன். அதன் பயன் படத்துக்குள் நேரடியாக வராமல், வ்யூஃபைண்டர் வழியாக வருகிறது. வி.ஆர். இல்லாமல் 500 மி.மீ.யில் தொலைவிலுள்ள ஒரு பறவையைப் பார்த்தால், பறவை காட்சிக்குள் துள்ளிக்கொண்டே இருக்கும். ஃபோகஸ் புள்ளி ஒரு கணம் தலையிலும் மறுகணம் வாலிலும் அடுத்த கணம் பின்னாலிருக்கும் மரங்களிலும் விழும். கேமரா அந்த மரங்களைப் பற்றிக்கொண்டதும் பறவை மங்கிப் போகும். மீண்டும் ஃபோகஸ் திரும்புவதற்குள் அது கடந்துவிடும். வி.ஆர். வேலை செய்யும்போது அந்தத் துள்ளல் அடங்கிவிடுகிறது. ஃபோகஸ் புள்ளியைக் கழுத்தடியில் வைத்தால் அது அங்கேயே நிற்கிறது. மூன்றாம் வகைத் தவறுகள், அதாவது ஃபோகஸ் தவறிய படங்கள், எனக்குக் கணிசமாகக் குறைந்தது இதனால்தான். வி.ஆர். என்பது படக் கூர்மைக்கான கருவி என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவரை அதை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதில் எனக்கும் தெளிவில்லை. பறவையைத் துரத்தும் கண்ணுக்கான கருவி என்று பார்க்கத் தொடங்கிய பிறகு முடிவெடுப்பது எளிதாகிவிட்டது.

இந்த லென்ஸில் நார்மல், ஸ்போர்ட் என்று இரண்டு நிலைகள் இருப்பதற்கான காரணமும் அப்போதுதான் விளங்கும். நார்மல் நிலை, காட்சியை ஆணியடித்ததுபோல் நிறுத்தப் பார்க்கிறது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது வரம். பறவை கிளம்பி நாம் லென்ஸைத் திருப்பத் தொடங்கும்போதோ, அந்தத் திருப்பத்தின் முதல் பகுதியையும் நடுக்கம் என்றே எடுத்துக்கொண்டு அதை எதிர்க்கிறது. பிறகு இது வேண்டுமென்றே செய்யும் திருப்பம் என்று உணர்ந்து விட்டுக்கொடுக்கிறது. காட்சி முதலில் பின்தங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு முன்னே ஓடுவதுபோல் தோன்றும். அதோடு ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கண்ணாடித் தொகுதி நடுவிடத்துக்குத் திரும்புவதால், தொடர்ச்சியாகச் சுடும்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் காட்சி சற்றே குதிக்கும். நொடிக்கு 10 படம் எடுக்கும் டி500-இல் அந்தக் குதிப்புகளுக்கு நடுவே பறவையைச் சட்டத்தின் ஓரத்தில் இடம் விட்டு நிறுத்துவது கடினம்.

ஸ்போர்ட் நிலை, நிக்கானில் 2014-ஆம் ஆண்டின் 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸோடு வந்தது. மறு ஆண்டே இந்த லென்ஸுக்கும் கிடைத்தது. இதில் திருத்தம் சற்று மென்மையாக நடக்கிறது. நுண்ணிய நடுக்கத்தை அடக்கும். ஆனால் நாம் திருப்பினால் உடனே கூடவே வரும். நடுவிடத்துக்குத் திரும்பும் குதிப்பும் இல்லை. நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், செம்பருந்து போல ஒரே சீராகப் பறக்கும் பெரிய பறவைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. ஒரு பருவம் முழுக்க நார்மலில் எடுத்துவிட்டு அடுத்த பருவத்தில் ஸ்போர்ட்டுக்கு மாறினேன். முதல் மாலையிலேயே, காலில் இருந்த கல்லைக் கழற்றிவிட்டு நடப்பதுபோல் இருந்தது.

இனி மீதிப் பாதிக்கு வருகிறேன். பள்ளிக்கரணையில் குளிர்காலத்தில் மீசை ஆலாக்களை எடுக்க முயன்றவர்களுக்கு அவற்றின் போக்கு தெரியும். நீர்ப்பரப்பின்மேல் தாழப் பறந்துவரும் ஆலா, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு சிறகைச் சாய்த்து, வந்த வழியே திரும்பும், அல்லது செங்குத்தாக நீரை நோக்கி இறங்கும். இங்கே லென்ஸ் ஒரு நொடிக்குள் மூன்று திசைகளில் திரும்ப வேண்டியிருக்கிறது. ஸ்போர்ட் நிலை எவ்வளவுதான் மென்மையாக இருந்தாலும், கைக்கும் காட்சிக்கும் இடையில் ஒரு சிறு ஒட்டுதலை என்னால் உணர முடிகிறது. அந்தச் சிறு ஒட்டுதலே ஆலாவைத் தவறவிடப் போதுமானது. வெயிலும் அங்கே நல்ல வெயில். 1/3200 நொடி எளிதாகக் கிடைக்கும். அந்த வேகத்தில் கைநடுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எனவே ஆலா, தகைவிலான், பஞ்சுருட்டான், உழவாரன் ஆகியவற்றுக்கு வி.ஆரை முழுமையாக அணைத்துவிடுகிறேன். வி.ஆர். போட்டிருந்தால் வேகமான ஷட்டரில் படமே கெட்டுவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. 1/2500 நொடியில் ஸ்போர்ட் நிலையிலும் அணைத்த நிலையிலும் நான் எடுத்த நாரைப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்ததில், அப்படியொரு வேறுபாடு என் கண்ணுக்குப் படவில்லை. நான் அணைப்பது பறவையைத் தொடரும் வசதிக்காக மட்டுமே.

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே பல மாதங்கள் இதை அறியாமல் இருந்தேன். பறவைப் படக்காரர்களில் பலர் ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்து, கேமராவின் பின்பக்கம் இருக்கும் ஏ.எஃப்-ஆன் பொத்தானுக்கு மாற்றிக்கொள்கிறோம். ஆனால் ஏ.எஃப்-ஆன் பொத்தானை அழுத்தினால் வி.ஆர். இயங்காது, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால்தான் இயங்கும். லென்ஸோடு வரும் கையேட்டில் இது இருக்கிறது. நான் படிக்காமல் விட்டது என் தவறு. கட்டைவிரலால் ஃபோகஸ் பிடித்துக்கொண்டு, பறவை நெருங்கியதும் ஆள்காட்டி விரலால் ஒரேயடியாக அழுத்தும்போது, வி.ஆர். அந்தக் கணத்தில்தான் விழித்துக்கொள்கிறது. அதுவரை காட்சி துள்ளிக்கொண்டிருந்ததற்கும், முதல் இரண்டு படங்கள் அடிக்கடி தேறாமல் போனதற்கும் காரணம் இதுவே என்று பிறகு புரிந்தது. இப்போது பறவை தொலைவில் புள்ளியாகத் தெரியும்போதே கட்டைவிரலோடு சேர்த்து ஷட்டர் பொத்தானையும் பாதி அழுத்தி வைத்துக்கொள்கிறேன். லென்ஸிலிருந்து மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கும்; காட்சி ஒரு கணம் அசைந்து பிறகு அமரும். அது அமர்ந்த பிறகுதான் முதல் படம்.

வி.ஆர். உண்மையிலேயே படத்துக்குள் வந்து வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பொழுது சாய்ந்து, ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, எவ்வளவு ஏற்றினாலும் 1/2000 நொடி கிடைக்காது என்ற நிலை வந்ததும் பலர் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அப்போது நான் ஷட்டரை 1/60 நொடிக்கு இறக்கிவிட்டு, வரிசையாகத் தாழப் பறந்துவரும் கூழைக்கடாக்களுக்காகக் காத்திருப்பேன். பறவையின் வேகத்தோடு ஒரே சீராக உடலைத் திருப்பிக்கொண்டே எடுத்தால், தலையும் கண்ணும் ஓரளவு தெளிவாக நிற்க, சிறகுகள் அகன்ற தூரிகைக் கோடுகளாகப் படியும். பின்னணியில் இருக்கும் மரங்கள் கிடைக்கோடுகளாக ஓடும். இந்த முயற்சிக்குப் பெரிய எதிரி, திரும்பும்போது லென்ஸ் மேலும் கீழும் ஆடுவது. நாம் பக்கவாட்டில் திருப்புவதை ஸ்போர்ட் நிலை தடுப்பதில்லை. மேலும் கீழுமான ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அணைத்துவிட்டு எடுத்தால் கண் ஒரு புள்ளியாக இல்லாமல் சிறு கொக்கியாக வளைந்திருக்கும். ஸ்போர்ட்டில் எடுத்தவற்றில் கண் கண்ணாகவே இருந்தது. இப்படி எடுத்தவற்றில் பெரும்பகுதி வீணாகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். தேறும் ஒன்றிரண்டுக்காகவே நான் இருட்டும்வரை கரையில் நிற்கிறேன்.

ஏரிக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கும் ஸ்போர்ட்டே போதும். அது நிற்கிறதே என்று நார்மலுக்கு மாற்றினால், நேர்க்கீழே பாயும் கணத்தில் நீங்கள் மேலேயே மாட்டிக்கொள்வீர்கள். மறைவிடத்தில் உட்கார்ந்து கிளைப்பறவைகளை மட்டும் எடுக்கும் காலைகளில் நார்மல் மிக நன்றாக உழைக்கிறது. 1/125 நொடியிலும் சாம்பல் நாரையின் மார்புக் கோடுகளைக் கையில் பிடித்தே எடுத்திருக்கிறேன்.

மற்றப் பண்புகளில், பறக்கும் பறவைக்குத் தொடர்புடையவற்றை மட்டும் சொல்கிறேன். எடைதான் முதல் சிக்கல். அதிர்வுக் குறைப்பு நடுக்கத்தைக் குறைக்குமே தவிரச் சோர்வைக் குறைக்காது. ஒற்றைக்காலியில் ஸ்போர்ட் நிலையோடு வைத்து எடுத்தால் தாழப் பறப்பவற்றுக்கு நன்றாக இருக்கிறது. தலைக்குமேல் போகிறவற்றுக்கு உதவாது. 200-இலிருந்து 500-க்குப் போக ஜூம் வளையத்தை நெடுந்தூரம் சுற்ற வேண்டும். ஒரே பிடியில் முடியாது. ஆகவே 400 மி.மீ.யில் பறவையைப் பிடித்துவிட்டுப் பிறகு 500-க்குத் தள்ளுவதே எனக்குப் பழகிய முறை. ஃபோகஸ் எல்லைப் பொத்தானை 6 மீட்டர் முதல் முடிவிலி என்ற நிலையில் வைத்தால், தவறிய ஃபோகஸ் அருகிலிருந்து தொலைவுவரை முழுதும் தேடிக்கொண்டு போகாமல் விரைவாகத் திரும்பும். இந்தப் பொத்தான்கள் எல்லாம் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால், பையிலிருந்து எடுக்கும்போது நகர்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

இப்போது வாங்கலாமா என்றால், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள பழைய வகை (டி.எஸ்.எல்.ஆர்.) நிக்கான் கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிவிட்டவர்களுக்கு 2023-இல் வந்த 180-600 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, ஜூம் செய்யும்போது நீளாத குழலும் குறைந்த சுற்றும் அதன் வசதிகள். அந்த மாற்றத்தால்தான் 200-500 இப்போது பழைய பொருள் சந்தைக்கு நிறைய வருகிறது. அப்படி வாங்குவோர் கடையிலேயே வி.ஆரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 500 மி.மீ.க்கு நீட்டி, எதிர்த்தெருவில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகை எழுத்தின்மேல் ஃபோகஸ் புள்ளியை வைத்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். ஓரிரு கணங்களில் எழுத்து அமர வேண்டும். அமர்ந்த பிறகு தானாக ஒரு பக்கம் நழுவிக்கொண்டு போகக் கூடாது. அடுத்து ஸ்போர்ட்டுக்கு மாற்றி, தெருவில் போகும் ஒரு சைக்கிளைத் தொடர்ந்து திருப்பிப் பாருங்கள். காட்சி தயங்காமல் கூட வர வேண்டும். வி.ஆர். இயங்கிக்கொண்டிருக்கும்போது கேமராவை அணைக்கவோ லென்ஸைக் கழற்றவோ வேண்டாம். பொத்தானிலிருந்து விரலை எடுத்து, இரைச்சல் நின்றது காதுக்குத் தெரிந்த பிறகு கழற்றுங்கள்.